பதினோராவது சிஸ்டம்

நவம்பர் 14, வியாழன்

இன்று குழந்தைகள் தினம். காலை பிரேயரில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அது வாயில் கரைந்துகொண்டிருக்கும்போதே ஹெச்.எம். மேடம் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம விடுதியைப் பத்தி கலெக்டர் ஆபீசுக்கு யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்காங்க. பேர் போடத் தைரியம் இல்ல, எழுத மட்டும் தைரியம் இருந்திருக்கு. யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களே வந்து சொல்லிட்டா நல்லது."

தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேடம் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசைக்கு வந்தபோது மிட்டாயை மென்று விழுங்கிவிட்டேன்.

மனு கலெக்டர் ஆபீசிலிருந்து சுகாதாரத் துறைக்குப் போய், அங்கிருந்து "தகுந்த நடவடிக்கைக்காக" என்று பள்ளிக்கூடத்துக்கே மெயிலில் வந்திருக்கிறது. யார்மேல் புகாரோ அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். இப்படிச் செய்வார்கள் என்று எழுதியவளுக்குத் தெரிந்திருக்காது.

விஷயம் இதுதான். தீபாவளி லீவு முடிந்து விடுதிக்குத் திரும்பியதிலிருந்து குழாய்த் தண்ணீரில் நாற்றம். ஐந்தாம் தேதி காலையில் குழாயிலிருந்து ஒரு புறா இறகு வந்தது. மொட்டை மாடி டேங்க்குக்குக் கோடையிலிருந்தே மூடி கிடையாது. எட்டாம் தேதிக்குள் பதினொரு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆறாம் வகுப்பு தங்கமீனாவைத் தேனி பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வார்டன் ஜெயக்கொடி அக்கா, "வீட்டுல இருந்து அள்ளிட்டு வந்த பலகாரத்த ஒரு வாரம் வச்சுத் தின்னா இப்படித்தான்" என்று எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்து சொன்னார்.

மனுவின் மூன்றாவது பத்தியில் இறகைப் பற்றி இருக்கிறது. ஹெச்.எம். மேடத்துக்கு அதுதான் ரொம்பக் கோபமாம்.

யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது.

இந்த நோட்டை இன்றுதான் பின்பக்கமிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பக்கம் கணக்கு ரஃப் நோட். ஞாயிற்றுக்கிழமை பெட்டி சோதனையில் ஜெயக்கொடி அக்கா கணக்கு நோட்டைத் தொடமாட்டார். எல்லாரும் தூங்கிய பிறகு குளியலறைப் பக்கம் ஒரு பல்ப் எரியும். அங்கே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மாலையே ஆள் கூப்பிட்டு டேங்க்கைக் கழுவிவிட்டார்கள். புது மூடியும் வந்துவிட்டது.


நவம்பர் 15, வெள்ளி

பதினொன்றாம் வகுப்பில் வேகமாகத் தமிழ் டைப் அடிப்பவள் நான்தான். அதனால் ஆபீஸ் கடிதங்களை என்னிடம்தான் கொடுப்பார்கள். பள்ளி விட்ட பிறகு கம்ப்யூட்டர் லேப் சாவி என்னிடமே இருக்கும். நான் உட்காருவது பதினோராவது சிஸ்டம். இதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, போன வாரம் வரை.

இன்று நாலரைக்கு மேடம் ஒரு தாளுடன் லேபுக்கே வந்தார். தலைப்பு: குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்த பதிவேடு. கீழே தேதிகள். ஜூலை 5, ஆகஸ்ட் 2, செப்டம்பர் 6, அக்டோபர் 4.

"ஒவ்வொரு மாசத்துக்கும் தனித்தனிப் பேஜ். குளோரின் அளவுன்னு ஒரு கட்டம் போட்டுக்கோ."

"நவம்பர், மேடம்?"

"நவம்பர் ஒண்ணு தீபாவளி லீவு. வேண்டாம்."

அவருடைய பீரோவிலிருந்து லேசாகப் பழுப்பேறிய பேப்பர் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஜெயக்கொடி அக்கா வந்தார். கையில் நான்கு பேனா. நீலம், கறுப்பு, வேறொரு நீலம், மை கக்குகிற ஒரு பழைய பால்பாயின்ட். மாதத்துக்கு ஒரு பேனாவாகக் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டுக்குக் கையெழுத்துச் சரியாக வரவில்லை என்று மறுபடி ஒரு பிரிண்ட் கேட்டார்.

நான் ஏதாவது கேட்டுவிடுவேன் என்று மேடம் நினைத்திருப்பார் போல. என் தோளில் கை வைத்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இருநூத்தி நாப்பது பிள்ளைங்க இங்க தங்கிப் படிக்குது, யோகலட்சுமி. விடுதியை மூடிட்டா நீயெல்லாம் எங்க போவ? மலைக்குத்தானே? பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் தேதி. புரியுதா?"

புரியுது மேடம் என்றேன். ஏலக்காய் எஸ்டேட்டில் அம்மா கூலிக்குப் போகிறார். அப்பா இல்லை. மலையில் பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமும் இல்லை.


நவம்பர் 16, சனி

தங்கமீனா இன்னும் வரவில்லை. அவள் தட்டு அலமாரியில் கவிழ்ந்தே இருக்கிறது.


நவம்பர் 17, ஞாயிறு

பெட்டி சோதனை. என் பெட்டியில் சீயக்காய், இரண்டு செட் யூனிஃபார்ம், அம்மா கொடுத்த முறுக்கு டப்பா, நோட்டுகள். ஜெயக்கொடி அக்கா முறுக்கைப் பறிமுதல் செய்தார். கணக்கு நோட்டைத் தள்ளி வைத்தார்.

சோதனை முடிந்ததும் ஷோபிகா எனக்குப் பேன் பார்த்தாள். ஷோபிகாவும் நானும் ஒரே எஸ்டேட். லயத்து வீட்டு வரிசையில் அவள் வீடு மூன்றாவது கதவு, எங்கள் வீடு ஐந்தாவது. ஆறாம் வகுப்பில் ஒரே ஜீப்பில் இறங்கி வந்து இங்கே சேர்ந்தோம். அவள் கோ-கோ டீமில் இருக்கிறாள். ஓடினால் ஒருத்தியாலும் பிடிக்க முடியாது.

"உன் தலையில ஒரு ஊரே குடியிருக்குடி. வாடகை வாங்குறியா?"

"சீக்கிரம் பாரு, சாப்பாட்டு மணி அடிச்சுரும்."

"பெட்டிஷன் போட்டவளுக்கு ஒரு முறுக்குக் குடுக்கணும்னு நெனச்சேன். அதையும் அந்தம்மா தூக்கிட்டுப் போயிருச்சு."

நான் சிரிக்கவில்லை. அவள் சீப்பை நிறுத்தினாள். பிறகு மறுபடி வாரினாள்.


நவம்பர் 18, திங்கள்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது பீரியட் லேப். வளர்மதி மிஸ், எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர், புரொஜெக்டரைப் போட்டார். திரையில் ஒரே ஒரு ஃபைல். பெயர் "மனு".

"எல்லாரும் பாருங்க. இது சிலபஸ்லயும் இருக்கு" என்றார் மிஸ். "ஒரு ஃபைலுக்குள்ள நாம எழுதுறது மட்டும்தான் இருக்குன்னு நெனைக்கிறோம். எழுதுனவரைப் பத்தியும் அது தனியாக் குறிச்சு வச்சுக்கும். எழுத்தை எல்லாம் அழிச்சாலும் அது அழியாது. ஹெச்.எம். மேடம் என்கிட்ட குடுத்தாங்க, ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சேன்."

ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்தார். ப்ராப்பர்டீஸ். டீடெய்ல்ஸ். திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. தலைப்பு என்ற இடம் காலி. பொருள் என்ற இடம் காலி. ஜன்னலின் அடிவிளிம்பை ஒட்டிக் கடைசி வரி: ஆதர்ஸ், அதாவது எழுதியவர். அதற்கு நேராக, ஆங்கிலத்தில், ஷோபிகா எம்.

முப்பத்தெட்டு தலைகள் திரும்பின. ஷோபிகா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. இது உன் ஃபைல்தானே?"

"பேரு என் பேருதான் மிஸ். நான் எழுதல."

"உன் பேர் எப்படி வந்துச்சு அப்ப?"

"ஆகஸ்ட் லீவுல அக்கா லேப்டாப்புல ப்ராஜெக்ட் பண்ணினேன். மொத தடவை தொறந்தப்ப பேரு கேட்டுச்சு, போட்டேன்."

"அந்த ஃபைலை யாருக்காவது குடுத்தியா?"

ஷோபிகா யோசிக்கிற மாதிரி தரையைப் பார்த்தாள். "ஞாபகமில்ல மிஸ்."

ஷோபிகாவுக்கு ஞாபகசக்தி அதிகம். மூன்று வருஷத்துக்கு முந்தைய மேட்சில் யார் எத்தனையாவது நிமிஷத்தில் அவுட் ஆனாள் என்று சொல்வாள்.

அந்த ஜன்னலின் வலது ஓரத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் கீழே இன்னும் வரிகள் வரும் என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸின் விரல் மவுஸ் சக்கரத்தின்மேல்தான் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நான் அந்த விரலையே பார்த்தேன்.

மிஸ் ஜன்னலை மூடிவிட்டார். மூடியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதுகிறேன். என் சிநேகிதி எல்லார் முன்னாலும் நின்றுகொண்டிருந்தாள், எனக்கு நிம்மதியாக இருந்தது.


நவம்பர் 19, செவ்வாய்

வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்குள் ஷோபிகா, "நான் பொய்யாக எழுதினேன், மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டி.சி. அவள் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா மாரிச்சாமி மாமாவை மலையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வருஷத்தின் நடுவில் டி.சி. வாங்கினால் வேறெந்தப் பள்ளியும் சேர்க்காது. அடுத்த வாரமே அவள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியதுதான்.

போன வியாழக்கிழமைப் பக்கத்தில் நான் எழுதியது பொய். மனுவை எழுதியது நான்.

எங்கள் வகுப்பில் யாரும் வெறும் பக்கத்தில் டைப் செய்ய ஆரம்பிக்க மாட்டோம். மார்ஜின் வைக்க வேண்டும், பார்டர் போட வேண்டும், தமிழ் எழுத்துரு செட் செய்ய வேண்டும். அதெல்லாம் ஏற்கெனவே செய்துவைத்த தோழி ஒருத்தியின் ஃபைலைக் காப்பி எடுப்போம். உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு நம்முடையதை அடிப்போம். ப்ராஜெக்ட், லீவ் லெட்டர், பிறந்தநாள் கார்டு, எல்லாமே இப்படித்தான். ஷோபிகாவின் பிளாஸ்டிக் ஒழிப்பு ப்ராஜெக்ட் என் பென்டிரைவில் இருந்தது. அழகான பார்டர். எட்டாம் தேதி மாலை, தங்கமீனாவை ஆட்டோவில் ஏற்றிய பிறகு, லேபுக்குப் போய் அதைக் காப்பி எடுத்தேன். பார்டரை எடுத்துவிட்டேன். பிளாஸ்டிக்கை எல்லாம் அழித்தேன். தண்ணீரைப் பற்றி எழுதினேன். கடைசியில் பெயர் போடாததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக விட்டபோது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்தேன். அங்கிருந்த அண்ணன், "மெயில் ஐடி இல்லையா பாப்பா? சரி, கடை மெயில்லயே போட்டுவிடுறேன்" என்று அனுப்பினார். மேடம் அங்கேயும் ஆள் அனுப்பிக் கேட்டாராம். தினமும் நூறு பேருக்கு அனுப்புகிறேன், யாரென்று பார்ப்பது என்றாராம் அவர்.

ஷோபிகா அந்த ஃபைலை எனக்கு மட்டும்தான் கொடுத்தாள்.


நவம்பர் 20, புதன்

ஆபீஸ் வேலை என்று சொல்லிச் சாவி வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். என் பென்டிரைவில் மனுவின் காப்பி இருக்கிறது. ரைட் கிளிக் செய்தேன். இந்த முறை சக்கரத்தைச் சுற்றிக் கீழே வரைக்கும் போனேன். அங்கே இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆதர்ஸ்: ஷோபிகா எம்.
கடைசியாகச் சேமித்தது: சிஸ்டம் 11.
உருவாக்கிய தேதி: ஆகஸ்ட் 17.
கடைசியாகச் சேமித்த நேரம்: நவம்பர் 8, மாலை 4.52.

ஷோபிகாவின் பெயருக்கு அடுத்த வரியிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நான்கு வரியையும் யாராவது ஒருவர் நின்று படித்தால் போதும். ஆகஸ்டில் குழாயில் புறா இறகு வரவில்லை. அப்போதே உருவான ஃபைல் என்றால் அது பழைய ஃபைலின் காப்பி. நவம்பர் எட்டு மாலை ஷோபிகா எங்கள் பள்ளி இருக்கும் போடியிலேயே இல்லை, உத்தமபாளையத்தில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தாள். இரவு ஏழு மணிக்குத்தான் வேன் வந்தது. அன்று நாலரைக்கு மேல் லேப் சாவி என் கையில். பதினோராவது சிஸ்டம் என்னுடையது.

அவளைக் காப்பாற்றுவதற்கு நான் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. "இன்னும் கொஞ்சம் கீழே பாருங்க மிஸ்" என்றால் போதும். அதைச் சொன்ன அடுத்த நொடி நான் மாட்டிக்கொள்வேன்.

யார் பெயரும் தெரியாமல் சொல்ல வழி இருக்கிறதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். மிஸ் மேஜையில் ஒரு சீட்டு எழுதி வைக்கலாமா? இன்னொரு மொட்டைக் கடிதம். எனக்கே அசிங்கமாக இருந்தது.

மூடுவதற்கு முன் இன்னொன்றும் பார்த்தேன். டேங்க் கழுவிய பதிவேடு, அதுவும் என் சிஸ்டத்தில்தான் இருக்கிறது. அவசரத்தில் அதை மட்டும் வெறும் பக்கத்தில் ஆரம்பித்திருந்தேன். தாளில் ஜூலை 5 என்று இருக்கிறது. ஃபைலில்: உருவாக்கிய தேதி நவம்பர் 15, மாலை 4.38. அதை ஒரு காப்பி பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.


நவம்பர் 21, வியாழன்

மாரிச்சாமி மாமா வந்துவிட்டார். முதல் ஜீப்பில் இறங்கி, ஒன்பது மணியிலிருந்து ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரை உள்ளே கூப்பிடவில்லை. நான் ஹாஜர் நோட்டு கொண்டு போகும்போது பார்த்துவிட்டார்.

"யோகு பாப்பா. நல்லாருக்கியா தாயி? ஒங்கம்மா முறுக்குக் குடுத்துவிட்டுச்சு. போன தடவ குடுத்தது தீந்துருக்கும்னு சொல்லுச்சு."

வாங்கிக்கொண்டேன். சூடாக இருப்பது போலத் தோன்றியது, அவர் மடியில் வைத்திருந்ததால்.

"இவ என்ன எழுதுனான்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. கம்பூட்டர்ல பேரு வந்துருச்சாம்ல. கம்பூட்டர் பொய் சொல்லாதுங்குறாக. நீ சொல்லு பாப்பா, கூடவே இருக்கவ. இவ செஞ்சுருப்பாளா?"

"இல்ல மாமா."

"அத அந்தம்மாகிட்டச் சொல்லேன்."

"சொல்றேன் மாமா."

சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். சொல்லவில்லை. ஆபீஸ் வாசல் வரை போனேன். ஹாஜர் நோட்டைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மாமா இன்று இரவு பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். நாளை ஆய்வு முடிந்ததும் டி.சி. கொடுக்கிறார்களாம். ஷோபிகா தன் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முறுக்கை நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"உங்கம்மா சுட்டதா?"

"ம்."

"உப்பு கம்மி" என்றாள்.


நவம்பர் 22, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். மாடி ஏறி டேங்க்கைப் பார்த்தார். புது மூடியைத் தட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார். டேங்க் சுத்தமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அந்த நான்கு பழுப்புத் தாள்கள். பக்கத்தில் டி.சி. புத்தகம் திறந்திருந்தது. ஷோபிகாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கிளார்க் எழுதிவிட்டார். நடத்தை என்ற இடம் மட்டும் காலி. அதிகாரிக்கு வைத்த டம்ளர் தண்ணீர் தொடாமல் இருந்தது.

"ரெகார்டெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கீங்க. இதோட சாஃப்ட் காப்பி இருந்தா என் மெயிலுக்குப் போட்டுடுங்க. ரிப்போர்ட்ல சேக்கணும்" என்றார் அதிகாரி.

"இந்தப் பொண்ணுதான் டைப் பண்றது. யோகலட்சுமி, அந்தப் பதிவேடு ஃபைலை மேடத்துக்கு அனுப்பு" என்றார் ஹெச்.எம். மேடம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பென்டிரைவைச் செருகினேன். ஃபைலை இணைத்தேன். அனுப்பிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அந்த ஃபைலுக்குள் எல்லாம் இருக்கிறது, பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் படித்த வளர்மதி மிஸ்ஸே முதல் வரியோடு மூடிவிட்டார். யார் கீழே வரைக்கும் பார்க்கப் போகிறார்கள்.

ஜன்னல் வழியே பெஞ்ச் தெரிந்தது. மாமா ஷோபிகாவின் பெட்டியைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலா தோளிலா என்று.

"அனுப்பியாச்சா?" என்றார் ஹெச்.எம். மேடம்.

"அனுப்பிட்டேன் மேடம்." அதிகாரியைப் பார்த்துத் திரும்பினேன். "மேடம், அதைத் தொறக்குறதுக்கு முன்னாடி ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் பாருங்க. கீழ வரைக்கும் தள்ளிப் பாருங்க."

"எதுக்கும்மா?"

"அதை என்னைக்கு அடிச்சேன்னு இருக்கும். அந்தப் பெட்டிஷன் ஃபைலையும் அதே மாதிரி பாருங்க. ஷோபிகா பேருக்கு அடுத்த வரியில என் சிஸ்டம் நம்பர் இருக்கும். அதை எழுதுனது நான்."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வளர்மதி மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மிஸ் வந்து இரண்டு ஃபைலையும் திறந்து சக்கரத்தைச் சுற்றினார். இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"பதினொண்ணு யோகலட்சுமி சிஸ்டம்தான்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எட்டாம் தேதி ஷோபிகா மேட்ச்ல இருந்தா. நான்தான் ஆன் ட்யூட்டி போட்டேன். இதை நான் அன்னைக்கே பாத்திருக்கணும்" என்றார்.

"பதிவேடு நவம்பர் பதினஞ்சுன்னு காட்டுதே?" என்று அதிகாரி ஹெச்.எம். மேடத்தைக் கேட்டார்.

"கையால எழுதின நோட்டு ஒண்ணு இருந்துச்சு. அதைப் பாத்து டைப் பண்ணச் சொன்னேன்."

"அந்த நோட்டைக் குடுங்க."

மேடம் பீரோவைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. அதிகாரி நான்கு தாள்களையும் வெளிச்சத்தில் வரிசையாகப் பிடித்துப் பார்த்தார்.

"பேனா மட்டும் மாத்தியிருக்கீங்க" என்றார்.

ஹெச்.எம். மேடம் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைங்களுக்காகத்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தங்கமீனாவும் இந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் என்று சொல்ல நினைத்தேன்.

அதிகாரி டி.சி. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இது யாருக்கு?" என்று கேட்டார். கிளார்க் சொன்னார். "மூடி வைங்க. இந்த ரெண்டு பொண்ணுங்களும் இங்கதான் படிக்கிறாங்கன்னு என் ரிப்போர்ட்ல எழுதுவேன். அடுத்த மாசம் வந்து ஹாஜர் நோட்டையும் பாப்பேன்."

என்னிடம், "பேரில்லாம வந்த பெட்டிஷனுக்கு மதிப்பில்லன்னுதான் கீழ அனுப்பிட்டோம். இப்ப நடந்ததை உன் கையால எழுதித் தா. பேர் போடறதும் போடாததும் உன் இஷ்டம்" என்றார்.

வெள்ளைத் தாளில் எழுதினேன். தீபாவளி லீவிலிருந்து நான்கு பேனா வரை. பதிவேட்டை அடித்தது என் கைதான் என்பதையும் எழுதினேன். கீழே யோகலட்சுமி, பதினொன்றாம் வகுப்பு, 22 நவம்பர் என்று போட்டேன்.

லேப் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.


நவம்பர் 24, ஞாயிறு

நாளை நிர்வாகக் கமிட்டி கூடுகிறது. என்னை வைத்திருப்பார்களா என்று தெரியாது. அதிகாரி எழுதுவேன் என்று சொன்னது எவ்வளவு தூரம் தாங்கும் என்றும் தெரியாது. ஜெயக்கொடி அக்கா என் தட்டில் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சோறு குறையவில்லை. நேற்று விடுதி போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "முறுக்கு நமுத்துப் போச்சா?" என்று கேட்டார்.

தங்கமீனா வந்துவிட்டாள். மெலிந்துபோய், கண் மட்டும் பெரிதாக. தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டாள்.

மாலையில் ஷோபிகாவும் நானும் துணி காயப்போட்டோம். இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மிஸ் கேட்டப்ப ஞாபகமில்லன்னு ஏன் சொன்ன?"

"வேற என்ன சொல்லணும்?"

"எனக்கு மட்டும்தான குடுத்த."

"ஆமா." பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். "நீயா சொல்றியான்னு பாத்தேன்."

"சொல்லியிருக்காட்டி?"

"மலைக்குப் போயிருப்பேன். உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்." இன்னொரு துணியை எடுத்தாள். "வியாழக்கிழமை அப்பாகிட்ட சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டியாமே. அன்னைக்கு ராத்திரி எனக்கு நெசமாவே வெறுத்துப் போச்சுடி."

ஈரக் கையோடு நின்றேன். அவள் கிளிப்பை என் கையில் திணித்து, "இதைப் போடு, காத்தடிக்குது" என்றாள்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தை இப்போது திருப்பிப் பார்த்தேன். நவம்பர் 14. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கோடு போட்டு அடிக்கலாமா என்றும். இரண்டும் செய்யவில்லை. அந்த வரிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: எழுதியது நான், யோகலட்சுமி. இந்த வரி சேர்த்தது நவம்பர் 24.